ஊர் சொன்ன ‘சரி’

“கதவை உடைக்கச் சொன்னதே உங்க ஊர்தான்!”

டி.எஸ்.பி. ஒலிபெருக்கியில் இப்படிச் சொன்னதும் நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்த கற்கள் நின்றன.

அதுவரை ஆண்டார்மேடு கொதித்துக்கொண்டிருந்தது. ரோட்டின் நடுவே டயர் எரிந்தது. கண்டெய்னர் லாரிகள் பாலம் தாண்டி நின்றன. பழைய பேட்டரி உடைக்கும் யார்டின் ஆண்களும் பெண்களும் வேலை உடுப்போடு தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் டிவிக்காரர்களின் ட்ரோன்கள் ஈ மாதிரி மொய்த்தன. அன்று மத்தியானம் தேசப்பனை அவன் வீட்டுக்குள்ளேயே போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. அவன் கையில் இருந்தது ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். தண்ணி லாரி வந்த சத்தம் கேட்டு எடுத்த குடம். குண்டு குடத்தையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது.

“ஒன்பது பேரைக் கேட்டோம். ஒன்பது பேரும் ‘சரி’ன்னு அமுக்கியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் உள்ள போனோம். யார் மேல கோபப்படணுமோ அவங்க மேல கோபப்படுங்க” என்றார் டி.எஸ்.பி.

அவ்வளவுதான். ஒரே ஆளாக இருந்த கூட்டம் பல ஆளாகப் பிரிந்தது. பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பக்கத்தில் இருப்பவன் பார்த்தான்.

“எவன்டா அமுக்கினவன்?”

“என்னை ஏன்டா பாக்குற? எனக்கு வரவே இல்ல.”

“வரலன்னு எப்டி நம்புறது? உனக்கும் தேசப்பனுக்கும் குழாயடியில சண்டைதானே?”

பொழுது சாய்வதற்குள் போலீஸ் மேல் விழ வேண்டிய கற்கள் மளிகைக் கடைக்காரர் வீட்டு ஓட்டின் மேல் விழுந்தன. அவர் போலீஸ்காரர்களுக்குக் கடனில் சிகரெட் கொடுப்பவர். அது போதுமானதாக இருந்தது. அந்தக் கும்பலுக்கு முன்னால் நின்றவள் சுலோச்சனா. போன வருஷம் இதே மாதிரி ஒரு சோதனையில் அவள் மகன் பிடிபட்டு, செம்புக் கம்பி திருடியதாகச் சிறையில் கிடக்கிறான். கோபத்துக்கு அவளிடம் பஞ்சமே இல்லை.

போலீஸ் வேன்கள் சத்தமில்லாமல் கிளம்பிப் போயின. யாரும் கவனிக்கவில்லை.

தேசப்பனின் மனைவி கஸ்தூரி அப்போது ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொள்ளச் சொன்ன போலீஸ்காரரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுட்டவன் மேல் கேஸ் போடாமல் பிணத்தை வாங்க மாட்டேன் என்று ஒரே தடவை சொன்னாள். 

விஷயம் கேள்விப்பட்டு வக்கீல் இன்பராஜ் வந்தார். தொழிற்சங்க கேஸ்களில் தோற்றுத் தோற்றுப் பழகியவர். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“செல்லுல அப்பப்போ சிவப்பா ஒரு கேள்வி வருமேம்மா...”

“வரும். ‘உங்கள் பகுதியில் ஒரு வீட்டில் சோதனை. சரியா, வேண்டாமா’ன்னு. பதில் சொல்லாட்டி ரேஷனை நிறுத்திடுவான்.”

“அது பேருதான் ஊர் ஒப்புதல். முன்னாடி போலீஸ் நினைச்ச வீட்டுல பூந்துச்சு. எங்களைக் கேக்காம எங்க தெருவுல கதவை உடைக்காதேன்னு ஜனங்கதான் போராடி இந்தச் சட்டத்தை வாங்கினாங்க. நானும் கொடி புடிச்சேன். இப்ப சோதனைக்கு முன்னாடி ஏரியா ஆளுங்க ஒன்பது பேரைக் கம்ப்யூட்டரே பொறுக்குது. பாதிக்கு மேல ‘சரி’ வந்தா உள்ள போகலாம். யாரைக் கேட்டதுன்னு வெளிய சொல்லாது. யார் வீடுன்னு அவங்களுக்கும் சொல்லாது.”

“யார் வீடுன்னு தெரியாம எப்டி சார் சரின்னு சொல்றது?”

இன்பராஜ் மேலே சொன்னார். “ஊர் சரின்னு சொல்லிட்டா, உள்ள என்ன நடந்தாலும் ஊர்தான் பொறுப்பு. போலீஸ் மேல கேஸ் நிக்காது.”

“ஓஹோ. அப்ப எம் புருஷனைச் சுட்டது ஊரு.”

“சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“எங்க வீட்டை ஏன் சார் புடிச்சான்? இன்னா இருக்கு அங்க?”

“சூடு. கூரைக்குக் கீழ இருக்கிற சூட்டை மேல இருந்தே பாக்குற மிஷின் வெச்சிருக்காங்க. உங்க வீட்டுல பேட்டரி சூடு தெரிஞ்சிருக்கு. வெடிகுண்டு செய்யறாங்களோன்னு சந்தேகம்.”

“யார்டுல கழிச்சுக் கட்டுன பேட்டரியை எடுத்தாந்து அடுக்கி வெச்சு ஃபேன் ஓட்டுறோம். எங்க தெருவுல எல்லா வீட்லயும் அந்தச் சூடு இருக்கும். இன்னிக்கு எங்க வீடு, அவ்ளோதானா?”

“இன்னொன்னும் இருக்கு. வீட்டுக்குள்ள ஆள் நடமாட்டம் தெரியுது, ஆனா செல்போன் சிக்னல் இல்லை. கம்ப்யூட்டர் கணக்குல செல் இல்லாத ஆளு ஒளிஞ்சிருக்கிற ஆளு. அதனாலதான் இன்ஸ்பெக்டர் ரகோத்தமன் துப்பாக்கியை நீட்டிக்கிட்டே நுழைஞ்சாரு.”

கஸ்தூரி நிமிர்ந்தாள். “அவரு செல்லு யார்டு கேட்டுல இருந்துச்சு. செல்லு கேட்டுல இருந்தா ஆளு உள்ள வேலை பாக்குறான்னு கணக்கு. தண்ணி லாரி வர்ற நேரம் பின்னால வேலிக்குக் கீழ பூந்து வீட்டுக்கு வந்து நாலு குடம் புடிச்சு வெச்சிட்டுத் திரும்ப ஓடுவாரு. எங்க ஜனம் மொத்தமும் அப்டித்தான்.”

“ஒப்புதல் பொய்யின்னு காட்டினா ரகோத்தமன் மேல கேஸ் போட வைக்கலாம். ஒரே வழி அதுதான். ஆனா ஒன்பது பேர் யாருன்னே தெரியாது.”

தெரிந்தவள் மறுநாள் காலையில் பிணவறை வாசலுக்கே வந்தாள்.

லோகம்மாளுக்கு ஐம்பது வயது. ஆசிட் கொட்டி ஒரு கால் வெந்துபோன பிறகு அவளை யார்டு வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே வாயு பொறி பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் செல்போன் எடுத்துப் போகக் கூடாது. ஆட்கள் உள்ளே போகும்போது அவள் மடியில் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊரிலேயே நம்பிக்கையான மனுஷி என்று அவளுக்குப் பெயர். விந்தி விந்தி வந்து கஸ்தூரியின் முன்னால் நின்றாள்.

“ஒன்பது பேரைத் தேடாத கஸ்தூரி. ஒன்பது பேரும் நான்தான்.”

“இன்னாக்கா உளர்ற?”

“பொட்டியில சிவப்பு வந்தா யாருடி பதில் சொல்லுவா? உள்ள ஆசிட்டுல கை வெச்சிருக்கிறவளைக் கூப்புட முடியுமா? ரேஷன் போயிடும்னு எல்லாரும் என்னாண்டதானே சொல்லிட்டுப் போறீங்க. நான்தான் எல்லாத்துலயும் அமுக்குவேன்.”

“எங்க செல்லு உனக்கு எப்டித் தொறக்கும்?”

லோகம்மாள் தன் கட்டைவிரலை நீட்டினாள். வழவழவென்று, மெழுகில் செய்தது மாதிரி இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. கஸ்தூரி தன் விரலைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். யார்டில் ஒரு வருஷம் வேலை பார்த்த யாருக்கும் ரேகை மிச்சமில்லை. செல் கொடுத்த அரசாங்க ஆள் விரலைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லிப் பார்த்து, அலுத்துப்போய், வந்தது வரட்டும் என்று வெறும் வழவழப்பையே பதிந்துகொண்டு போனான். வழவழப்புக்கு வழவழப்பு பொருந்தியது. ஒருத்தி செல் இன்னொருத்திக்குத் திறந்தபோது ஆரம்பத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வசதியாகப் போய்விட்டது.

“நேத்து ஒரே சமயத்துல ஒன்பது செல்லு சிவந்துச்சு. அமுக்கினேன். அப்பால போலீஸ் வண்டி போச்சு. நம்ம பக்கம்னு நினைக்கலடி.”

கஸ்தூரி எழுந்து ஓங்கி அறைந்தாள். லோகம்மாள் விலகவில்லை. இரண்டாவது அறைக்கும் அப்படியே நின்றாள். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது கஸ்தூரிக்கு ஒன்று தோன்றியது.

“அவரு செல்லு?”

“அதுலயும் வந்துச்சு.”

வீடு கஸ்தூரியின் செத்துப்போன அப்பா பேரில் இருந்தது. அது தேசப்பனின் வீடு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தன் கதவை உடைக்கலாமா என்று அது தேசப்பனையே கேட்டிருக்கிறது. தேசப்பன் ‘சரி’ என்று சொல்லியிருக்கிறான்.

கஸ்தூரி சிரித்தாள். பிணவறைக் காவலாளி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு லோகம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வக்கீலைத் தேடிப் போனாள்.

செய்தி அன்று சாயங்காலமே யார்டு வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே வந்த கஸ்தூரியையும் லோகம்மாளையும் மேஸ்திரி எத்திராஜ் கையை விரித்து வழிமறித்தார்.

“வாயைத் தொறக்காதீங்க. அடுத்தவங்க செல்லுல அமுக்கினா மூணு வருசம் ஜெயிலு. செல்லைக் கொடுத்தவங்களுக்கு ரேஷன் கட்டு. தேசப்பன் போயிட்டான், தங்கமான பையன். அதுக்காக ஊரே பட்டினி கெடக்கணுமா?”

“அத்தொட்டு? இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய் மீன் கொழம்பு துன்னுட்டுத் தூங்கட்டுமா?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“நீ சும்மா இரு. உனக்கு ரேஷன் அரிசி வாணாம், உன் புருஷன் லாரி ஓட்டுறான்.”

“லாரியைத் துன்ன முடியுமா மேஸ்திரி?”

கஸ்தூரி முன்னால் வந்தாள். “நான் உங்களாண்ட கேக்க வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நாளைக்கு விசாரணை. லோகம்மாக்கா எல்லாத்தையும் சொல்லப்போவுது. புடிச்சவங்க வாங்க.”

“ரேஷன் போனா என் வீட்டுக்கு வாங்கடி, கஞ்சி ஊத்துறேன்” என்றாள் லோகம்மாள்.

“உன் வீட்லயே நாங்க குடுத்தாதானேக்கா கஞ்சி!”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் வழியை விட்டார்.

ஒப்புதலுக்குப் பிறகு உயிர் போனால் அந்த ஊரிலேயே, ஜனங்கள் முன்னால் விசாரணை நடக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. ஆண்டார்மேட்டில் பெரிய இடம் என்றால் கல்யாண மண்டபம்தான். மணமேடையில் ஜிகினாத் தோரணத்தைக்கூட அவிழ்க்கவில்லை. அதற்குக் கீழே நீதிபதியம்மா உட்கார்ந்தார். ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர் ரகோத்தமன். நெட்டையான ஆள், தூங்காத கண்கள். இன்னொரு பக்கம் கஸ்தூரி. மண்டபம் தாங்காமல் ஜன்னல் கம்பிகளில் தொத்திக்கொண்டிருந்தார்கள்.

லோகம்மாள் சொல்லி முடித்ததும் அரசு வக்கீல் எழுந்தார்.

“நல்ல கதை. ஆனா ஒன்பது செல்லையும் ஒரே விரல் திறந்ததுன்னு யார் நம்புறது?”

இன்பராஜ் கையைத் தட்டினார். யார்டு ஆட்கள் செல்போன்களை மேடையில் கொண்டுவந்து வைத்தார்கள். லோகம்மாள் ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை வைத்தாள். ஒவ்வொன்றும் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘ஓ’ என்று கத்தியது, கபடியில் ஆள் விழுந்த மாதிரி.

அரசு வக்கீல் அசரவில்லை. “நேத்து ராத்திரி எல்லாரும் உக்காந்து இவங்க விரலைப் பதிஞ்சு வெச்சிருப்பாங்க. இது கூட்டுச் சதி.”

மண்டபம் இரைந்தது. கஸ்தூரி சுற்றிலும் பார்த்தாள். மேடைக்குப் பின்னால் சமையல்கட்டு வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் சோப்பு நுரை.

“யம்மா, நீ எந்த ஊரு?”

“நானா? செய்யாறு. பாத்திரம் தேய்க்க வந்தேன்.”

“எங்களை முன்ன பின்ன பாத்திருக்கியா?”

“இல்லியே.”

“எத்தினி வருசமா பாத்திரம் தேய்க்கிற?”

“கண்ணாலம் கட்டுனதுலேர்ந்து.”

“உன் செல்லைக் கொஞ்சம் குடு.”

அவள் தயங்கினாள். நீதிபதியம்மா தலையாட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். கஸ்தூரி அதைக் கொண்டுபோய் லோகம்மாளிடம் நீட்டினாள். லோகம்மாள் விரலை வைத்தாள்.

திறந்தது.

“அய்யய்யோ, என் செல்லுடீ!” என்று அந்தப் பெண் அலறினாள்.

அவ்வளவுதான், மண்டபம் மண்டபமாக இல்லை. சித்தாள் செல்லைக் கொத்தனார் திறந்தார். உப்பளத்துக்காரன் செல்லைச் சுண்ணாம்புக் காளவாய்க்காரி திறந்தாள். “டேய், இங்க பாருடா, உன் பொண்டாட்டி எனக்கு மெசேஜ் அனுப்பிக்கீறா!” என்று ஒருத்தன் கத்த, செல்லின் சொந்தக்காரன் அவனை நாற்காலிகளுக்கு நடுவே துரத்தினான். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் தன் செல்லை வயதான தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டார்.

நீதிபதியம்மா மேஜையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடங்கட்டும் என்று காத்திருந்தார். அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்:

“அப்போ இந்த மாநிலத்துல கையால உழைக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே விரல். யாராவது ஒருத்தர் அமுக்கினா எல்லாரும் அமுக்கின மாதிரி.”

இன்ஸ்பெக்டர் ரகோத்தமன் எழுந்தார்.

“அம்மா, எனக்கு வந்தது ஒரே வார்த்தை. ‘சரி.’ அதை யார் சொன்னாங்க, எத்தனை விரல்ல சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள செல் இல்லாத ஆள் இருக்கான்னு சொன்னாங்க. திரும்பினான். கையில ஏதோ இருந்துச்சு. நான் செத்திருந்தா இங்க இவ்வளவு கூட்டம் வந்திருக்குமா?”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் கஸ்தூரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“சார், அந்தச் சரி கதவைத் தொறக்க. சுடறதுக்கு எவனாவது சரின்னானா? அந்தக் கேள்வி எந்தச் செல்லுல வந்துச்சு? கொடத்துக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் பாக்க உங்களுக்கு ஊர் ஒப்புதல் வேணுமா?”

ரகோத்தமன் உட்கார்ந்தார். கையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு நீளமாக இல்லை. ஒப்புதல் செல்லாது. பொறுப்பு ஊருடையது அல்ல. இன்ஸ்பெக்டர் மேல் கொலை வழக்குப் பதிய வேண்டும். கடைசி வாக்கியத்தை நீதிபதியம்மா குனிந்தபடி வாசித்தார்: பிறர் செல்போனில் ஒப்புதல் அளித்த குற்றத்துக்காக லோகம்மாளைக் காவலில் எடுக்க வேண்டும்.

அதை யார் கேட்டார்கள்! முதல் வரியிலேயே வெளியே பட்டாசு வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மேளக்காரன் ஒருத்தன் எங்கிருந்தோ வந்து அடித்தான். மேஸ்திரி எத்திராஜே துண்டைச் சுழற்றி ஆடினார். கஸ்தூரியைத் தூக்காத குறை. ரகோத்தமனை இன்னும் மண்டபத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லோகம்மாளைப் பின்வாசல் வழியாக அதற்குள் ஜீப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சுலோச்சனாதான் அதைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்தவள் நின்றாள். அவள் முகத்தில் ஏதோ ஓடியது. ஜீப்பிடம் போனாள்.

“யக்கா, பொட்டியில எத்தினி நாளா நீ அமுக்குற?”

லோகம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். “பொட்டி வந்த நாளா.”

“எம் புள்ளையைப் புடிச்சாங்களே, அன்னிக்கு?”

“நான்தான்.”

“என் செல்லு?”

“அதுவும் சிவந்துச்சு சுலோ.”

மேளம் நின்றது. பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரிந்து, அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லி, அது கூட்டத்துக்குள் காற்று மாதிரிப் போனது. அண்ணனைப் பறிகொடுத்தவன் இருந்தான். போலீஸ் கதவை உடைத்தபோது கர்ப்பம் கலைந்த ஒருத்தி இருந்தாள். ஒவ்வொருவரும் தன் சோதனை நடந்த நாளையும், அன்று தன் செல் எங்கே இருந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தார்.

“ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ‘வேண்டாம்’னு அமுக்கக் கூடாதாக்கா?” என்றாள் சுலோச்சனா.

“அமுக்கிப் பாத்தேன்டி. வேண்டாம்னா ஏன்னு கேக்குது. எழுதிக் காட்டச் சொல்லுது. எனக்கு எழுத வராது. நேரம் போயிடும், ரேஷன் போயிடும். சரின்னா ஒண்ணும் கேக்காது.”

சுலோச்சனாவின் கை உயர்ந்தது. ஜீப்பில் இருந்த பெண் போலீஸ் தடுக்கப் போனார். ஆனால் அந்தக் கை அடிக்கவில்லை. லோகம்மாளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அப்படியே அவளும் ஜீப்பில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இறங்கும்மா. உன்னை யாரும் கைது பண்ணல.”

“இவளைக் கொண்டுபோய் உள்ள வெச்சிட்டா எம் புள்ளைக்கு யாரு சாட்சி? அவன் வெளிய வர்ற வரைக்கும் இவ என் கையிலதான் இருப்பா. இவளை நான் மன்னிக்கல. அது வேற.”

இன்னொருத்தி ஏறினாள். அண்ணனைப் பறிகொடுத்தவன் பின்கதவைப் பிடித்துக்கொண்டான். பெண் போலீஸ் வாக்கி-டாக்கியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

இன்பராஜ் கஸ்தூரியின் தோளைத் தொட்டார். அவர் முகம் வேர்த்திருந்தது; ஜெயித்துப் பழக்கமில்லாத முகம். “நீ கேட்டது கிடைச்சிடுச்சும்மா. இதுல நீ நிக்க வேணாம். ஆட்டோ சொல்லியிருக்கேன், பிணவறை ஆறு மணிக்குப் பூட்டிருவான். வா, தேசப்பனை வாங்கிக்கலாம்.”

கஸ்தூரி ஜீப்பைப் பார்த்தாள். அதில் முண்டியடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஐஸ்லதானே கீறாரு சார். இன்னும் ஒரு நாளு இருக்கட்டும்.”

நடந்துபோய் ஜீப்புக்கு நேர் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மேஸ்திரி வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் செய்யாற்றுக்காரி, நுரை காய்ந்த கையோடு.

டிரைவர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.